இலங்கை 2022: கியூவில் நின்ற மக்கள் அதிபரை விரட்டிய ஆண்டு

இலங்கையில் 2022-ம் ஆண்டு பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. டாலர் கையிருப்பு கரைந்ததால் பெட்ரோல், கியாஸ், பால் பவுடர், மருந்து என எதை எடுத்தாலும் தட்டுப்பாடு. மணிக்கணக்கில் கியூவில் நின்ற முதியவர்கள் சிலர் அங்கேயே சுருண்டு விழுந்து இறந்தனர்.

அந்த ஆண்டின் முக்கிய நிகழ்வுகள் வருமாறு:-

மார்ச் 22: பிழைக்க வழியின்றி இலங்கை தமிழர்கள் 16 பேர் படகில் ராமேசுவரம் பகுதிக்கு தப்பி வந்தனர்.

மார்ச் 31: அதிபர் கோத்தபய ராஜபக்சே வீட்டை மக்கள் முற்றுகையிட்டனர்.

ஏப்ரல் 9: கொழும்பு காலிமுகத்திடலில் தொடர் போராட்டம் தொடங்கியது.

ஏப்ரல் 12: வெளிநாட்டு கடனை இப்போதைக்கு கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது.

மே 9: போராட்டக்காரர்கள் மீது தாக்குதல். நாடே கலவரமானது. பிரதமர் மகிந்த ராஜபக்சே ராஜினாமா.

மே 18: தமிழக அரசு அனுப்பிய அரிசி, பால் பவுடர், மருந்துடன் சென்னையில் இருந்து கப்பல் கிளம்பியது.

ஜூலை 9: அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். நீச்சல் குளத்தில் குதித்து ஜாலியாக குளித்தனர்.

ஜூலை 13: கோத்தபய மாலத்தீவுக்கு ஓட்டம். மறுநாள் சிங்கப்பூர் போய் அங்கிருந்தே ராஜினாமா கடிதம் அனுப்பினார்.

ஜூலை 20: பாராளுமன்றத்தில் 134 ஓட்டு வாங்கி ரணில் விக்ரமசிங்கே அதிபரானார்.

ஆள் மாறியும் விலைவாசி இறங்கவில்லை. முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு செப்டம்பரில் கொழும்புவாசிகள் சராசரியாக 170 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது.

இத்தனை கஷ்டத்திலும் ஒரு சந்தோஷம். செப்டம்பர் 11-ந்தேதி துபாயில் பாகிஸ்தானை 23 ரன்னில் வீழ்த்தி இலங்கை அணி ஆசிய கோப்பையை தட்டிச் சென்றது.