சீனக்குடா விமானத்தளமும் இலங்கையின் ஹெலிகொப்டர் விமானிகளும்

சீனக்குடா விமானத்தளம், இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் திருகோணமலை உட்துறைமுகத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்துள்ள படைத்துறைத் தளமாகும். பிரித்தானிய அரச விமானப்படையின் நிலையமாகத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் வான்பிரிவுக்கும் இடமளித்து, 1957இல் இலங்கையிடம் வந்த இத்தளத்திலேயே இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. ஈழத்து ஏடுகள் உலங்குவானூர்தி எனவும் எழுதும் ஹெலிகொப்டரைச் செலுத்தி வீர விருதுகள் பெற்ற அதிகாரிகளின் பணிவாழ்க்கை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குவதால், தளத்தின் வரலாறும் அவர்களின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பிரித்தானியர் காலம்

திருகோணமலைத் துறைமுகமும் அதன் அருகே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களும் இந்துமாக்கடலில் உலவிய அவர்களது கப்பல்களுக்கு உயிர்நாடியாக இருந்தமையால், அவற்றைக் காப்பதே சீனக்குடாத் தளத்தின் முதல் நோக்கமாயிற்று. 1942 ஏப்ரல் 9 காலையில், அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் தளத்தையும் தாக்கியபோது, 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்களும் 273ஆம் அணியின் ஃபுல்மார் விமானங்களும் எதிர்த்துப் பறந்து கடும் இழப்பைச் சந்தித்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தனர். ஜப்பானிய விமானமொன்று 91ஆம் இலக்கக் குதத்தின் மீது மோதியதில் மூண்ட தீ ஏழு நாள் அணையவில்லை என்பர். வெப்பத்தில் நெளிந்து மடிந்த அக்குதத்தின் இரும்புத் தகடுகளை இன்றும் அங்கே காணலாம்.

கைமாற்றமும் முதல் ஹெலிகொப்டர்களும்

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசு பிரித்தானியாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1957 ஒக்டோபர் 15 அன்று திருகோணமலைக் கடற்படைத் தளமும் நவம்பர் 1 அன்று கட்டுநாயக்க விமானத்தளமும் கையளிக்கப்பட்டதோடு, சீனக்குடாவும் 1951இல் உருவான இலங்கை விமானப்படையின் பொறுப்பில் வந்தது. விமானப்படையின் முதல் ஹெலிகொப்டர்களான டிராகன்ஃபிளை இயந்திரங்கள் 1950களிலேயே சேவையில் இணைந்தபோதும், ஹெலிகொப்டர் போர்க்களத்துக்குரிய ஊர்தியாக மாறியது அரசுக்கு எதிரான 1971 ஏப்ரல் ஆயுதக் கிளர்ச்சியின்போதே. கிளர்ச்சியை அடக்க ஜெட்ரேஞ்சர் ஹெலிகொப்டர்கள் பயன்பட்டன. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், இந்தியா ஆகிய நாடுகளும் ஹெலிகொப்டர்களை அனுப்பி உதவின.

விமானியின் பயிற்சி

விமானியாகத் தெரிவாகும் இளம் அதிகாரி, எந்த வகை வானூர்தியைப் பின்னர் ஓட்டுவதாயினும், முதலில் சீனக்குடாவில் நிலைச்சிறகு கொண்ட சிறு பயிற்சி விமானத்திலேயே பறக்கப் பழகுகிறார். ஹெலிகொப்டர் பிரிவுக்கு அனுப்பப்படுவோர் பின்னர் ஹிங்குராங்கொட தளத்தில் பெல் வகை இயந்திரங்களில் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஹெலிகொப்டரை ஓட்டும் முறையே வேறு. இடக்கையிலுள்ள நெம்புகோல் மேற்சுழலியின் அலகுகள் எல்லாவற்றின் சாய்வையும் ஒருசேர மாற்றி ஏற்ற இறக்கத்தைத் தருகிறது. வலக்கையிலுள்ள பிடி சுழலும் வட்டத்தைச் சரித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்துகிறது. கால் மிதிகள் வாற்சுழலியின் வழியாக முகப்பைத் திருப்புகின்றன. இவற்றுள் ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் அக்கணமே சரிசெய்ய வேண்டியிருப்பதால், நிலத்துக்குச் சற்று மேலே ஓரிடத்தில் அசையாது நிற்பதே கற்பவருக்கு முதற் பெருஞ்சோதனையாக அமைகிறது.

போரும் விருதுகளும்

படையினரின் வீரத்துக்கான பரம வீர விபூஷணய, வீர விக்கிரம விபூஷணய, ரண விக்கிரம பதக்கம், ரண சூர பதக்கம் ஆகிய விருதுகள் 1981இல் நிறுவப்பட்டன. இவற்றுள் மிக உயர்ந்ததான முதலாவது பெரும்பாலும் இறந்தவர்களுக்கே வழங்கப்பட்டுள்ளது. அரசுக்கும் தமிழ் ஆயுதக் குழுக்களுக்கும் இடையிலான உள்நாட்டுப் போரில், 1980களின் நடுப்பகுதியில் பெல் 212, 412 வகைகள் சேர்ந்தபின், தரைவழி துண்டிக்கப்பட்ட முகாம்களுக்கு உணவும் வெடிபொருளும் கொண்டுசெல்வதும் காயமுற்றோரை ஏற்றிவருவதும் ஹெலிகொப்டர் விமானிகளின் அன்றாடப் பணியாயின. 1990இல் அக்குழுக்களுள் ஒன்றான விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, ஜூலை மாதத்தில் சூட்டுக்கிடையே கோட்டைக்குள் ஹெலிகொப்டரை இறக்கிய ஸ்கொட்ரன் லீடர் லசந்த வைத்யரத்னவுக்குப் பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது.

1993இல் எம்ஐ-17 வகையும் 1995இல் எம்ஐ-24 தாக்குதல் வகையும் வந்தன. 1995 ஏப்ரல் இறுதியில் பலாலி அருகே இரு அவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்த நாள்களில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட பின்னர், மரமுகட்டை ஒட்டித் தாழப் பறப்பதும் ஏவுகணையைத் திசைதிருப்பும் வெப்பச் சுடர்களை உதிர்ப்பதும் விமானிகளுக்கு இன்றியமையாதன ஆயின. ஹெலிகொப்டர் விமானியாகப் பதக்கங்கள் பெற்ற ரொஷான் குணதிலக்க 2006இல் விமானப்படைத் தளபதியாகி, 2019இல் மார்ஷல் தரத்துக்கு உயர்த்தப்பட்டார்.

மாவட்ட மக்களின் அனுபவம்

திருகோணமலை மாவட்டத்து மக்கள் வானூர்திகளின் ஒலியை இருவேறு நினைவுகளோடு கேட்டு வந்துள்ளனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிண்ணியா வைத்தியசாலை உட்படக் கரையோரம் சிதைந்தபோது, இலங்கை ஹெலிகொப்டர்களோடு இந்தியக் கடற்படையின் ஹெலிகொப்டர்களும் மீட்பிலும் நிவாரணத்திலும் ஈடுபட்டன. ஆனால் 2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த பின் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் விமானங்கள் குண்டு வீசின. பொதுமக்கள் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் படையினர் சம்பூரைக் கைப்பற்றிய பின் அவ்வூரவர் பலரால் 2015 வரை தம் காணிகளுக்குத் திரும்ப முடியவில்லை. 2008 ஆகஸ்ட் 26 இரவில் புலிகளின் வான்பிரிவு திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் குண்டு வீசியதில் கடற்படையினர் காயமுற்றனர்.

இன்றைய நிலை

போர் முடிந்த பின் எம்ஐ-17 அணிகள் ஐக்கிய நாடுகள் அமைதிப் பணிக்காக மத்திய ஆபிரிக்கக் குடியரசுக்கும் தென் சூடானுக்கும் சென்றன. 2020இல் விமானப்படையின் முதற் பெண் விமானிகள் சீனக்குடாவில் சிறகுச் சின்னம் பெற்றனர். ஆயினும் பயிற்சி ஆபத்தற்றதன்று: 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பகுதியில் பயிற்சி விமானம் விழுந்து பயிலுநர் ஒருவரும், 2023 ஆகஸ்ட் 7 அன்று சீனக்குடாவிலேயே இரு அதிகாரிகளும் இறந்தனர், 2025 மே மாதத்தில் மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் பெல் 212 ஹெலிகொப்டர் வீழ்ந்ததில் ஆறு படையினர் உயிரிழந்தனர். தளத்தின் அண்மையிலுள்ள 99 குதங்களில் 61ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் கூட்டாக மேம்படுத்த 2022 ஜனவரியில் உடன்பாடு கையெழுத்தானது.

விருது ஆணைகள் விமானியின் துணிவைப் பதிவு செய்கின்றன. அவ்வானின் கீழ் வாழ்ந்தவர்களின் இழப்புக்கு அத்தகைய அரச பதிவு இல்லை. சீனக்குடாவின் வரலாற்றை முழுமையாக எழுத முற்படுவோர் படைத்துறை ஆவணங்களோடு மூதூர், சம்பூர், கிண்ணியா மக்களின் வாய்மொழிச் சான்றுகளையும் சேர்த்தே நோக்க வேண்டும்.