அரை நூல் கணக்கு

தச்சு வேலை தெரிந்தவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் ‘நூல்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஜன்னல் சட்டம் ஒரு நூல் கூடிவிட்டால் இழைப்புளியைப் போட்டு இழைத்துவிடலாம். எலக்ட்ரிக் கிதாரிலோ, பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே கம்பி நிற்க வேண்டிய உயரமே ஏறக்குறைய அரை நூல்தான், அதாவது 1.6 மில்லிமீட்டர். இரும்புக் கம்பி பூட்டிய சாதாரணக் கிதாரில் 2 முதல் 2.5 மி.மீ., நைலான் தந்தி பூட்டியதில் 3 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம்.

உயரம் குறைந்தால் கம்பி மெட்டில் உரசி இரையும். கூடினால் பழகுகிறவரின் விரல் நுனி கன்றிப் போகும். பேரப்பிள்ளைகள் ஆசையாக வாங்கிய கிதார் மூன்றே மாதத்தில் பரணுக்குப் போய்விடுகிறது. சோம்பேறி என்று நாம் திட்டுகிறோம். பல வீடுகளில் குற்றம் பிள்ளையுடையது அல்ல, ஒரு மில்லிமீட்டருடையது.

முப்பது வருடம் டூல் ரூமில் காலம் தள்ளியவன் என்பதால், இதை வீட்டிலேயே அளக்க என்ன கருவி வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பட்டியலைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கருவிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். எது எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தெரிந்தால், நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் மெட்டுகள். நம் வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளைப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி ‘மேளம் கட்டுவார்கள்’. அங்கே அளவுகோல் காதுதான். ஐரோப்பாவில் கணக்கு வேறு வழியில் போனது. விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் லூட் என்னும் தந்தி வாத்தியக் கலைஞர். 1581-இல் வெளியிட்ட நூலில் ஒரு சுலபமான விதியைச் சொன்னார்: மீதமுள்ள தந்தி நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து, ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டை வை. ஒரு காம்பஸும் கோலும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம். 650 மி.மீ. தந்தியில் இந்த விதிப்படி போனால், சரிபாதியில், 325-இல் நிற்க வேண்டிய பன்னிரண்டாவது மெட்டு சுமார் 322.6-இல் நிற்கும். இன்று 18-க்குப் பதிலாக 17.817 என்று வகுக்கிறார்கள். இதெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துபோகும் வேலை. வீட்டில் நாம் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது வெர்னியர். பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1631-இல் பிரஸ்ஸல்ஸில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். அவர் நினைத்தது கம்பியின் பருமனை அல்ல; கோணம் அளக்கும் கால்வட்டக் கருவியை. மைக்ரோமீட்டரின் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் வில்லியம் கேஸ்கோயின் என்ற இளைஞர் தொலைநோக்கிக்குள் நுண்ணிய மரையாணியைப் பொருத்தி வானத்துப் பொருள்களின் தோற்ற அளவைக் கண்டார். 1644-இல் மார்ஸ்டன் மூர் போரில் மாண்டும் போனார். அந்த மரையாணி வானத்திலிருந்து பட்டறைக்கு இறங்கி வர இருநூறு வருடம் ஆயிற்று. 1848-இல் பாரிஸில் ழான் லோரான் பால்மர் கையடக்க மைக்ரோமீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தார் அமெரிக்காவில் தயாரித்துப் பரப்பினார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஸ்வீடனின் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். எஸ்கில்ஸ்டூனா ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கேஜ் என்று செய்து மாளாமல், 1896 வாக்கில் 102 எஃகுக் கட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கினால் இருபதாயிரம் அளவுகளை உண்டாக்கலாம் என்று கணக்குப் போட்டார். வீட்டில் மனைவியின் தையல் மெஷினையே மாற்றியமைத்து அந்தக் கட்டைகளைத் தேய்த்து எடுத்தார் என்பார்கள். அப்போது இங்கிலாந்தின் அங்குலமும் அமெரிக்காவின் அங்குலமும் மயிரிழை வேறுபட்டிருந்தன. அவர் இரண்டுக்கும் நடுவில், சரியாக 25.4 மி.மீ. என்று வைத்துக் கட்டைகள் செய்தார். 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒப்புக்கொண்டதும் அதே எண்ணைத்தான்.

இதற்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம்? கடையில் ‘010 செட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் முதல் கம்பியின் பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது 0.254 மி.மீ. ஆயிரத்தில் ஒன்று என்பதைப் பட்டறை ஆள் சாதாரணமாகப் பேசும் நிலை வந்த பிறகே கம்பிக்கு இப்படிப் பெயர் வைக்க முடிந்தது. அதற்கு முன் கேஜ் நம்பர்தான், அதுவும் பட்டறைக்குப் பட்டறை வேறு. பிரிட்டனில் 1884-இல்தான் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற ஒரே வரிசை சட்டமாயிற்று. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும் அந்தக் கணக்கை மோட்டார் காயில் கட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கழுத்து. இரும்புக் கம்பிகளின் இழுவிசையில் மரக்கழுத்து வில்போல் வளையும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மக்ஹ்யூ கழுத்துக்குள் ஓர் எஃகுத் தண்டை வைத்து, நட்டைத் திருகி வளைவைச் சரிசெய்யும் வழி கண்டார்; 1923-இல் காப்புரிமை கிடைத்தது. முன்பு கைதேர்ந்த ஆசாரி மட்டுமே தொடக்கூடிய இடத்தை வாசிப்பவரே சரிசெய்யும் வழி அன்று திறந்தது.

இப்போது பட்டியல். சிறியதுதான்.

ஒன்று, 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல். அரை மி.மீ. கோடுகள் வேண்டும். பூஜ்யம் விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலில் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அது உதவாது.

இரண்டு, ஃபீலர் கேஜ். ஸ்கூட்டரில் பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி பார்ப்போமே, அதே தகடுகள். ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும்.

மூன்றாவது கருவி கிதாரிலேயே இருக்கிறது. இழுத்துக் கட்டிய கம்பியைவிட நல்ல நேர்கோல் ஏது? சுவர் எழுப்பும் கொத்தனார் நூல் பிடிப்பதும் இதற்குத்தானே. முதலில் சுருதி கூட்டிக்கொள்ளுங்கள். தளர்ந்த கம்பியில் எடுத்த அளவு வீண். ஆறாவது கம்பியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழு, எட்டாவது மெட்டருகில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே 0.25 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காமல் நுழைந்தால் கழுத்து சரி. இல்லையென்றால் தண்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திரும்ப அளந்து பாருங்கள். நைலான் கிதார்கள் பலவற்றில் இந்தத் தண்டு இருக்காது. கழுத்து சரியான பிறகே பன்னிரண்டாவது மெட்டின் உயரத்தை ஸ்கேலில் பார்க்க வேண்டும்.

வெர்னியர் இருந்தால் உறைமேல் பருமன் எழுதாத கம்பியை அளக்கலாம். மைக்ரோமீட்டர் அவசியமே இல்லை. சொல்வது அதையே சோறாக உண்டவன்!

ஒரே ஒரு எச்சரிக்கை. தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் பள்ளத்தை அரம் கொண்டு அராவும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். திருகியதைத் திருப்பித் திருகலாம்; அராவியது திரும்ப வராது. அதை அனுபவப்பட்ட கைக்கு விட்டுவிடுங்கள்.

மற்றதற்கு இரண்டு கருவி, அரை மணி நேரம், கொஞ்சம் பொறுமை போதும். பரண்மேல் கிதார் இருந்தால் இறக்கி, தூசி தட்டி, ஒரு தடவை அளந்து பாருங்கள்.