சுருள் தாடிக்கும் மென்மையான தோலுக்கும் சாய்வு ரேசர்: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்?

தாடி வைத்திருப்பவருக்கு ரேசர் எதற்கு என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. தாடி வைத்திருப்பவர்தான் ரேசரைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் பதில். கன்னத்தின் மேலே ஒன்றிரண்டாக முளைப்பது, தொண்டைக்குக் கீழே கழுத்தில் இறங்குவது, மீசை ஓரம், ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலை மழிப்பது என்று பிளேடு படும் இடங்கள் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. கழுத்து முடி தாடியில் சேருமா, எதுவரை ஒதுக்கலாம் என்பதில் மத்ஹபுகளில் விரிவான கருத்துகள் இருக்கின்றன. அதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாம் பேசுவது கருவியைப் பற்றி.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் தம்பிகள் பலருக்குச் சுருள் முடி. சூளை வெப்பம், வியர்வை, களிமண் தூசி எல்லாம் சேர்ந்து, ஷேவ் செய்த கழுத்தில் படிந்தால் எரிச்சல் சும்மா விடுமா? கழுத்தெல்லாம் கறுத்த மேடுகளோடு, "ஸ்லான்ட் ரேசர் வாங்கினால் சரியாகிவிடுமாமே ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கழுத்தில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்தது அது.

மேடு எப்படி வருகிறது?

சுருள் முடியின் வேர்க்குழியே வளைந்தது. அதிலிருந்து வரும் முடியும் வளைந்துதான் வெளியே வரும். அதைப் பிளேடால் தோலோடு ஒட்ட வெட்டும்போது நுனி சாய்ந்து ஊசிபோல் கூராகிறது. வளர வளர அந்த முடி திரும்பி, பக்கத்துத் தோலையே குத்தி உள்ளே போகிறது. தோலை இழுத்துப் பிடித்து வெட்டினால் இன்னும் மோசம். கையை எடுத்ததும் வெட்டிய நுனி தோலுக்குக் கீழே போய்விடும், வெளியே வராமல் உள்ளேயே குழியின் சுவரைத் துளைக்கும். உடல் அதை முள் குத்தியதாகவே எடுத்துக்கொண்டு வீங்குகிறது. மருத்துவர்கள் இதை 'சூடோஃபாலிகுலிட்டிஸ் பார்பே' என்பார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அதிகம். ஆனால் சுருள் முடி உள்ள எவருக்கும் வரலாம், நம் ஆட்களுக்கும் வருகிறது.

இரண்டு மூன்று பிளேடு அடுக்கிய ரேசர்கள் இதைக் கூட்டுகின்றன. முதல் பிளேடு முடியை இழுத்துத் தூக்க, அடுத்தது இன்னும் ஆழத்தில் வெட்டும். விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படுகிற அந்த 'மிக நெருக்கமான ஷேவ்'தான் சுருள் முடிக்காரருக்குப் பகை.

இந்த மேடுகளுக்கு முதல் வைத்தியம் முடியை வளர விடுவதுதான். முதல் ஒரு வாரம், பத்து நாள் அரிப்பு கூடும்; உள்ளே மாட்டிய முடி நீளும் காலம் அது. அதைத் தாண்டி மூன்று நான்கு வாரம் பிளேடு வைக்காமல் இருந்தால் முடி வில்போல நிமிர்ந்து தானாகவே வெளியே வந்துவிடும். தாடி விடத் தொடங்கிய நம் பிள்ளைகளில் சிலர் அந்த முதல் பத்து நாளில்தான் பயந்து, "எனக்குத் தாடி ஒத்துக்கொள்ளவில்லை" என்று மழித்துவிடுகிறார்கள். மழித்ததும் மேடு திரும்ப வருகிறது. தாடி மேல் பழி, உண்மையில் காரணமோ பிளேடு. வீட்டில் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தப் பத்து நாளைப் பிள்ளை கடந்துவிடுவான்.

சாய்வு ரேசர் என்பது என்ன?

இருபக்க பிளேடு போடும் சேஃப்டி ரேசரை நம் அத்தாமார்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 1903ஆம் ஆண்டில் அவர் விற்றது மொத்தம் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். அதே பிளேடை நேராகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்து, பெரும்பாலான மாடல்களில் கொஞ்சம் முறுக்கியும் பிடிப்பதுதான் ஸ்லான்ட் ரேசர். பெட்டியைத் திறந்து பார்த்தால் தலை கோணலாக இருக்கும். பழுதான பொருள் வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சாய்வதால் என்ன லாபம்? அரிவாள்மணையில் தக்காளியை நேராக அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் நறுங்கும். கதிர் அரிவாளும் இழுத்துத்தான் அறுக்கிறது. தச்சர் இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளுவதும் இதற்காகவே. சாய்ந்த விளிம்பு முடியின் மேல் ஒரேயடியாக விழாமல் வழுக்கிக்கொண்டே வெட்டுவதால் குறைந்த விசை போதும். இன்னொன்று, இந்த பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தட்டையாக நீட்டிய தாள் தொங்கும், வளைத்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். அதுபோல முறுக்கிப் பிடித்த பிளேடு தடித்த முடியில் மோதும்போது அதிராது.

ஆகவே முடி இழுபடாது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுரண்ட வேண்டியதில்லை. எரிச்சலுக்குப் பெரிய காரணமே இந்தச் சுரண்டல்தான் என்பதால், தடித்த முடியும் மென்மையான தோலும் உள்ளவருக்கு இது நல்ல கருவி. அதே நேரம் இது நன்றாக வெட்டும் கருவி. கவனமில்லாமல் இரண்டு மூன்று தடவை ஓட்டினால் சாதாரண ரேசரைவிட நெருக்கமாக வெட்டிவிடும், மேட்டுக்கு வழி பிறந்துவிடும். சாய்வு ரேசரின் பயன் மொத்தமும் ஒரே தடவையோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர் இதை வாங்கக் கூடாது என்பது நம் கருத்து.

யாருக்கு எது?

ஷேவ் செய்தபின் சிவந்து எரிகிறது, ஒரு நாளில் அடங்கிவிடுகிறது, மேடு இல்லை என்றால் சாய்வு ரேசர் தாராளமாக வாங்கலாம். அங்கங்கே சில மேடுகள் வந்து போகின்றன என்றால், முதலில் ஒரு மாதம் பிளேடை நிறுத்தித் தோலை ஆறவிட்டு, பிறகு வாங்கலாம். இப்போதே மேடு மேடாக, சீழோடு இருந்தால் எந்த ரேசரும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டும் ட்ரிம்மர் போதும், தோல் மருத்துவரையும் பாருங்கள். தடித்துப் பெருகும் தழும்பு, வட்டமாகப் பரவும் அரிப்பு இரண்டும் வேறு நோய்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவுவது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. முதலில் அடங்கியதுபோல் காட்டும், போகப் போகத் தோலை மெலியவைத்துப் படையையும் பரப்பிவிடும்.

சேஃப்டி ரேசரே பிடித்துப் பழகாதவர் எடுத்த எடுப்பில் சாய்வுக்குப் போக வேண்டாம். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நேர் ரேசரில் இரண்டு மூன்று மாதம் கை பழகட்டும். தாடியின் ஓரக் கோட்டை மட்டும் சீராக்க விரும்புபவருக்கும் இது தேவையில்லை. கோணலான தலை கோட்டை மறைத்துவிடும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப்போகும். அதற்கு ட்ரிம்மரே மேல். மறைவிட முடிக்கும் சாய்வு ரேசர் கூடாது. மடிப்புகள் உள்ள இடத்தில் வெட்டு ஆழமாக விழும். அந்த முடியை நாற்பது நாளுக்கு மேல் விடக் கூடாது என்பதை அறிந்த நம் இளைஞர்கள் அவசரத்தில் முகத்து ரேசரையே பயன்படுத்துவதுண்டு. அதற்கெனத் தனிக் கருவி வையுங்கள்.

வாங்குவதென்றால், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத் தயாரிப்பான மெர்க்கூர் 37சி நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பிடி குட்டை, கைக்கு அடக்கம். 39சி அதே தலையோடு நீண்ட, கனத்த பிடி கொண்டது. புதியவருக்கு அந்தக் கனம் வேண்டாம். இறக்குமதி என்பதால் விலை நம் நேர் ரேசரைப் போல் பல மடங்கு. இந்தியாவில் ரேசர்களைச் செய்விக்கும் பார்க்கர் நிறுவனத்தின் 'செமி ஸ்லான்ட்' சாய்வு குறைந்தது. மென்மையான தோலுக்கும் முதல் முறை வாங்குபவருக்கும் அதுவே பொருத்தம் என்போம். ஆன்லைனில் பெயர் தெரியாத மலிவுச் சரக்குகளில், பிளேடு இரு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

பிளேடில் ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. அதைச் சாய்வு ரேசரில் முதல் நாளே போட வேண்டாம். 7 ஓ'கிளாக், சூப்பர்மேக்ஸ் போன்ற நம் ஊர் பிளேடுகளில் தொடங்குங்கள். மூன்று நான்கு ஷேவுக்கு ஒரு பிளேடு. இழுக்கத் தொடங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

செய்யும் முறை

முதலில் முடி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அதுதான் திசை, முள்போல் தடுத்தால் எதிர்த்திசை. கழுத்தில் பலருக்கு முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ சுழன்று கிடக்கும். மேலிருந்து கீழே இழுப்பதே சரி என்று நினைத்து அங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீர் ஒற்றி முடியை ஊறவையுங்கள். குளித்து வந்ததும் செய்தால் இன்னும் நல்லது. உப்பு நீர் உள்ள வீட்டில் சோப்பு நுரைக்காது. மழைநீர் ஒரு கிண்ணம் இருந்தால் போதும். கிண்ணம் என்றதும் நம் ஊர்ச் சரக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனமான பீங்கான் கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கி அதில் நுரைத்தால் கடைசிவரை சூடு நிற்கும், எவர்சில்வரில் நிற்காது.

பிடியைச் சாய்க்காதீர்கள், சாய்வு தலையிலேயே இருக்கிறது. தோலை இழுக்காமல், அழுத்தாமல், ரேசரின் கனத்திலேயே முடி படுத்த திசையில் ஒரு தடவை. கையால் தடவினால் சற்றுச் சொரசொரப்பு மிஞ்சும். மிஞ்சட்டும். மறுபடி எதிர்த்திசையில் போகாதீர்கள். பிறகு குளிர்ந்த நீர். படிகாரம் தடவுவதானால் ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று பொருள். ஆல்கஹால் கலந்த லோஷன் கூடுமா என்று கேட்பார்கள். மென்மையான தோலுக்கு அது ஆகாது என்பதால் அந்தக் கேள்விக்கே இங்கே வேலையில்லை.

பிரஷில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'போர் பிரிஸ்டில்' என்று அச்சிட்டிருந்தால் அது பன்றி முடி. பன்றி முழுவதும் நஜீஸ் என்பது ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் உள்ளது. தோல் தைப்பவர்களுக்கு அக்காலத்தில் தேவை கருதி ஹனஃபி அறிஞர்கள் தந்த சலுகையை ஷேவிங் பிரஷுக்கு நீட்ட முடியாது. 'சிந்தெடிக்' என்று எழுதிய நைலான் பிரஷ் மலிவு, மென்மை, சீக்கிரம் காயும். ஒளூவுக்கு முன்பே ஷேவை முடித்துக்கொள்ளுங்கள். காயத்திலிருந்து இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபியில் ஒளூ முறியும், ஷாஃபியில் முறியாது.

சலூனில் செய்துகொள்பவர் தம் கண் முன்னே புது பிளேடைப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும், ஒரே படிகாரக் கட்டியை எல்லோருக்கும் தடவினால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி பரவும் வழிகளில் பிறர் இரத்தம் பட்ட பிளேடும் ஒன்று. ஹஜ்ஜில் தலை மழிக்கும் கூட்ட நெரிசலிலும் இதே கவனம் தேவை. வீட்டிலும் அண்ணன் ரேசரைத் தம்பி எடுக்கக் கூடாது.

தேய்ந்த பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் கீறும். மூடியுள்ள ஒரு பழைய தகர டப்பாவில் உண்டியல்போல் சின்னத் துளை போட்டு அலமாரி மேல் வையுங்கள். நிறைந்ததும் துளையையும் மூடியையும் டேப் ஒட்டி அடைத்து, 'பிளேடு' என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். ஒருவர் உபயோகத்துக்கு அந்த டப்பா சில வருடம் வரும்.