கொதிகலன் ஆலையில் பிறந்த ஸ்கேன்

1955 ஜூலை. ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ நகரில் கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் ஆலைக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. டிக்கிகளில் இருந்தவை, பெண்களின் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த கட்டிகள். கொண்டுவந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்ட்; போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடாரை அறிந்தவர். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஆலையில் ஒலியை அனுப்பிச் சோதிப்பார்கள். அதே ஒலி, நீர்க்கட்டி எது சதைக்கட்டி எது என்று காட்டிக்கொடுக்குமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் ஆலைக்காரர்கள் தயாராக வைத்திருந்தார்கள்.

காட்டிக்கொடுத்தது. நீர்க்கட்டிக்குள் தடையின்றிப் புகுந்த ஒலி, மறுபக்கச் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பியது. சதைக்கட்டிக்குள் போகப் போகத் தேய்ந்தது.

பிறகு பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மக்விகாரும் சேர்ந்துகொண்டார்கள். தீராத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு உள்ளே இருந்தது பெரிய சினைப்பைக் கட்டிதான் என்று அவர்களின் ஒலிக்கருவி சொன்னது. அறுத்தெடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958 ஜூனில் மூவரின் கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது.

சினைப்பைக் கட்டிகளில் ஒன்றுதான் 'சாக்லேட் கட்டி'. கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். அது சினைப்பையில் வளர்ந்தால், கசியும் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கிப் பழுப்பாகக் கெட்டிப்படும். 1921இல் அமெரிக்காவின் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன் இதை விரிவாக எழுதினார். ஆனால் அவர் காலத்தில் வயிற்றைத் திறந்தால்தான் பார்க்க முடியும்.

1980களில், இதே ஒலியைக் கொண்டு பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் பரவியபோது அந்த நிலை மாறியது. கருவி சினைப்பைக்கு வெகு அருகில் போய்விடுவதால் படம் துல்லியமாக விழும். திரையில் சாக்லேட் கட்டி முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறப் புள்ளிகள். தேய்த்த கண்ணாடி போல என்பார்கள் மருத்துவர்கள். அண்மையில் ரத்தம் கசிந்த சாதாரணக் கட்டியும் சிலசமயம் இப்படித் தெரியும். அதனால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்: சாதாரணக் கட்டி கரைந்திருக்கும், சாக்லேட் கட்டி அப்படியே இருக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வயிற்றின் உட்சவ்வில் மெல்லியதாகப் படர்ந்த எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. மாதாமாதம் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம், 'ஸ்கேன் நார்மல்தானே, எல்லாருக்கும் வர்றதுதான்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் இந்த நோயை அறிந்த மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.