காரணமில்லாமல் விழும் பிரேக்



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் பேசினான். நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு வண்டியும் இல்லை, கார் தானாகவே பிரேக் போட்டுவிட்டதாம். பின்னால் வந்த லாரி மயிரிழையில் மோதாமல் நின்றிருக்கிறது. "சார், இதை அணைத்தே வைத்துவிடலாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மோதல் வரும்போது தானே பிரேக் போடும் காரை ஹோண்டா 2003-இல் ஜப்பானில் விற்றது. 2008-இல் வால்வோ வந்தது. (அதே வால்வோ 2010-இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் செய்து காட்டியபோது கார் நேரே லாரியில் போய் மோதியது. பாவம்!)

ரேடாருக்கு ஓடும் வண்டி எளிது. அசையாத இரும்புதான் தொல்லை. தலைக்கு மேலே இருக்கும் பாலம், வழிகாட்டிப் பலகை எல்லாமே எதிரொலி தரும். உயரத்தைப் பிரித்தறிவதில் பழைய ரேடார் மிகவும் பலவீனம். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருபவன் மோதுவான். அதனால் அப்படிப்பட்ட எதிரொலிகளை ஒதுக்கும்படி அமைத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

2016 மே மாதம் ஃப்ளோரிடாவில் குறுக்கே திரும்பிய லாரிக்கு அடியில் ஒரு டெஸ்லா புகுந்தது. பிரேக் விழவில்லை, ஓட்டியவர் இறந்தார். வீண் பிரேக்கைத் தவிர்ப்பதற்காக, மேலே தொங்கும் பலகை போல் தெரிவதை ரேடார் ஒதுக்கிவிடும் என்று எலான் மஸ்க் அப்போது விளக்கினார்.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்தது இன்னும் கொடுமை. ஊபர் சோதனைக் கார் ஒன்று, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை 5.6 விநாடிக்கு முன்பே கண்டுகொண்டது. ஆனால் கார் என்றது, சைக்கிள் என்றது, வேறு ஏதோ என்றது, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனது. வண்டி காரணமில்லாமல் குலுங்கி நிற்கக் கூடாது என்று அவசர பிரேக்கை ஏற்கெனவே முடக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவரின் கண்ணும் சாலையில் இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார். வீண் பிரேக்குக்குப் பயந்தே தேவையான பிரேக்கைத் தடுத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

2021 மே மாதம் டெஸ்லா ரேடாரைக் கைவிட்டு கேமராவை மட்டும் நம்பத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில், வீண் பிரேக் பற்றி 354 புகார்கள் சேர்ந்ததால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 4,16,000 கார்கள் மீது விசாரணை தொடங்கியது. அதே மாதம் ஹோண்டாவின் சுமார் 17 லட்சம் கார்கள் மீதும் விசாரணை வந்தது. 2024-இல் அந்த அமைப்பு வெளியிட்ட விதியில், சாலைப் பள்ளத்தை மூடும் இரும்புத் தகட்டின் மேல் போகும்போது கார் வீணாக பிரேக் போடுகிறதா என்ற சோதனையும் இருக்கிறது.

தம்பி, அவசர பிரேக்கை அணைக்காதே. பின்மோதல்களை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருக்கிறது என்று அங்குள்ள காப்பீட்டுத் துறையின் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பாலங்கள் அதிகமுள்ள சாலையில் தானாக வேகம் காக்கும் வசதியை மட்டும் எடுத்துவிட்டு நீயே ஓட்டு. கார் நின்ற இடம், நேரம், மேலே பாலம் இருந்ததா என்பதையெல்லாம் இன்றைக்கே எழுதிப் புகார் அனுப்பு. அந்த 354-ம் உன்னைப் போன்றவர்கள் எழுதியவைதான்.