மன்னார்க் கடலின் சுறாக்கட்டுகாரர்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பவர் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். கயிற்றைப் பிடித்த துணையாள் படகில் காத்திருப்பார். ஒரு மூச்சில் நீருக்கடியில் இருக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் சுறா வந்துவிடுமோ என்பதே பெரும் அச்சமாக இருந்தது. அதனால் சுறாக்களை மந்திரத்தால் கட்டும், கடல்கட்டி எனப்படும் மந்திரக்காரர் இல்லாமல் குளிப்பு தொடங்கியதில்லை.

வழக்கம் மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டும் பிராமணர்களுக்கு, கிடைத்த முத்துக்களில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதுகிறார். அவர்களின் கட்டு பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். இருட்டில் எவரும் திருட்டுத்தனமாக மூழ்கக்கூடாது என்பதே காரணம். சுறாவையே காவலுக்கு வைத்த ஏற்பாடு இது, வியக்கத்தக்க நுட்பம்.

19ஆம் நூற்றாண்டில் சுறாவைக் கட்டும் உரிமை பரம்பரையாக ஒரு குடும்பத்திடம் இருந்தது. அதன் தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்தின் வலிமைக்கு மதம் தடையாகக் கருதப்படவில்லை. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் முத்துக்குளிப்பைக் காணச் சென்றபோது தலைவர் நோயுற்றிருந்தார். வந்திருந்த பதிலாள் தனக்கு மந்திரம் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் தலைவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தன்னை மதிக்கும் என்றார்.

சுறா தாக்கியதாகப் பதிவான நிகழ்வுகள் உண்மையிலேயே மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான படகுகளின் இரைச்சலும் ஓயாமல் நீரில் குதிக்கும் கூட்டமும் அவற்றை விரட்டியிருக்கும் என்பது டெனன்ட் தந்த விளக்கம்.