ஊருக்குத் திரும்பாத முதுமை

நம் பாட்டனார்களில் பலர் சிங்கப்பூரில் முதுமையைக் கழிக்க வந்தவர்கள் அல்லர். சபராளிகளாக வந்தார்கள், கடைகளில் உழைத்தார்கள், உடல் தளர்ந்ததும் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். குடியுரிமை பெற்றுக் குடும்பத்தோடு தங்கியவர்கள்தாம் இங்கேயே மூப்படைந்தார்கள். ஆகவே முதியோரை இங்கு வைத்துப் பார்ப்பது நம் சமூகத்துக்கு அவ்வளவு பழைய அனுபவம் அன்று.

நாட்டுக்கும் அப்படித்தான். டான் டோக் செங் என்ற வணிகரின் நன்கொடையால் 1844இல் அடிக்கல் நாட்டப்பட்ட மருத்துவமனை, ஏழை நோயாளிகளுக்கானது. முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு அங்கே வந்தது 1988இல்தான். இடையில் 1976இல் இல்லத் தாதிமைச் சேவை அறநிறுவனம் தொடங்கி, தாதியர் வீடு தேடி வந்தனர். 1993இல் அங் மோ கியோவில் சமூக மருத்துவமனை திறந்தது. 1990இல் வந்த மெடிஷீல்டுக்கு வயது வரம்பு இருந்தது. 2015இல் மெடிஷீல்டு லைஃப் வந்த பிறகே ஆயுள் முழுவதற்குமான காப்பீடு கிடைத்தது.

நான் மருத்துவன் அல்லன், கடை நடத்துபவன். ஆனாலும் இவற்றுள் 1988ஐத்தான் பெரிதாக மதிக்கிறேன். ‘என்ன நோய்?’ என்பதோடு, ‘வருவதற்கு முன் எப்படி நடந்தார்? எத்தனை மருந்து சாப்பிடுகிறார்? வீட்டில் யார் இருக்கிறார்கள்?’ என்றும் கேட்கும் மருத்துவம் அது. மருத்துவர், தாதி, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், சமூக ஊழியர் எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள். சில நாள் படுத்தே கிடந்தாலும் முதியவரின் கால் வலு குறைந்துவிடும். காய்ச்சலுக்கு வந்தவர் நடக்க முடியாமல் வீடு திரும்புவார். அதனால் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கிறார்கள்.

நம் வீடுகளில் இது தலைகீழ். “அத்தா, நீங்க படுத்திருங்க, நாங்க இருக்கோம்ல” என்பதை மரியாதை என்று நினைக்கிறோம். வீவகவின் ஈஸ் திட்டத்தில் 2012 முதல் குளியலறைக் கைப்பிடிக்குச் சலுகை உண்டு. அதைப் பொருத்திவிட்டு அவரை நடக்கவிடுவதே நல்லது.

மொழியும் ஒரு சிக்கல். மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற ஆங்கிலமும் மலாயும் முதலில் நழுவும். தமிழ் பெரும்பாலும் மிஞ்சும். கேள்வி புரியாமல் மௌனமாக இருப்பவரை, நினைவே இல்லாதவர் என்று எண்ணிவிட இடமுண்டு. விடிவதற்கு முன் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பவரைத் தடுமாற்றம் என்று நினைக்கலாம். அவரோ பஜ்ருக்கு உளூ செய்ய எழுந்திருப்பார். வார்டில் சேர்க்கும் நாளிலேயே தாதியிடம் இதைச் சொல்லிவையுங்கள்; மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கையோடு கொண்டுபோங்கள்.